காட்டுப் பாதையில் வண்டிக்கு விழும் கீறலும் ஒடுக்கும்: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

#1 செந்தூல்_ஜிம்னி

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி ஜேபி74 ஜிம்னி, சுசுகியின் சின்ன ஜீப். ஒன்பது வருடக் கடனில் வாங்கியது, கடன் முடிய இன்னும் நாள் கிடக்கிறது. உலு லங்காட், கோம்பாக், கோல குபு பாரு பக்கம் நண்பர்களோடு காட்டுப் பாதைகளுக்குப் போகிறேன். போய் வரும்போதெல்லாம் இரண்டு பக்கக் கதவிலும் புதுக் கீறல் ஏறிவிடுகிறது. செம்மண் சரிவில் வழுக்கியதில் இடது பின் மூலையில் ஒரு ஒடுக்கும் விழுந்திருக்கிறது.

குழுவில் பேச்செடுத்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கீறலுக்கு வருத்தப்படுகிறவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று ஒரு கட்சி கேட்கிறது. முன்னால் ஒரு ஆள் பாராங் கத்தியோடு இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே நடக்கட்டும், வண்டிகள் பின்னால் வரட்டும் என்கிறது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. வீட்டில் அம்மா வேறு, கோவிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்து வந்த வண்டியை இப்படி வைத்திருக்கிறாயே என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருத்தப்படுகிறார்.

எந்தச் சேதத்தை அப்படியே விடலாம், எதற்கு உடனே செலவு செய்ய வேண்டும், எதை ஓட்டும் விதத்திலேயே தடுக்கலாம்? காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 டிரைட்டன்_ரவாங்

தம்பி, அந்தக் கீறலால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போனதா? நாலு சக்கரமும் சுற்றாமல் நின்றதா? இல்லை அல்லவா. வண்டியை இழுக்கும் வின்ச்சின் கயிறு அறுந்து ஆள் மேல் பட்டால் அது சேதம். சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப் உடைந்து ராத்திரி முழுக்க ஆற்றோரம் உட்கார்ந்திருந்தால் அது சேதம். கதவில் விழும் கோட்டை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நம் மலேசியாவின் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் காட்டு வண்டிப் போட்டி 1997-இல் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற காலமாகப் பார்த்து, வேண்டுமென்றே நடத்துகிற போட்டி. அங்கே வரும் வண்டிகளின் பாடியைப் போய்ப் பாருங்கள். ஒரு தகடாவது நேராக இருக்கிறதா? ஓட்டுகிறவர்கள் யாரும் அதற்காக அழவில்லை. காட்டுக்குள் போக முடிவு செய்த அன்றைக்கே பெயின்ட்டை மறந்துவிட வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்.

#3 பத்துமலை_பெயின்டர்

டிரைட்டன் அண்ணே, அந்தப் போட்டி வண்டிகளில் பலவும் டிரெய்லரில் வந்து டிரெய்லரில் திரும்புகிறவை. உள்ளே கூண்டு அடித்து, ஃபெண்டரை வெட்டி, காட்டுக்காகவே கட்டியவை. தம்பி திங்கள்கிழமை காலையில் இதே வண்டியில் வேலைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நான் தட்டி பெயின்ட் அடிக்கிற தொழிலில் இருப்பவன், அந்தக் கோணத்தில் சொல்கிறேன். வண்டித் தகட்டின் மேல் முதலில் துரு பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் முக்கி எடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் கலர், கடைசியில் கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. எல்லாம் சேர்ந்து பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக் குறைய. கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். பெரும்பாலான காட்டுக் கீறல் இந்தக் கிளியரோடு நின்றுவிடுகிறது.

கண்டுபிடிக்க இரண்டு வழி. கீறலைத் தண்ணீரால் நனையுங்கள். நனைந்திருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியரில்தான். பாலிஷ் போட்டால் போய்விடும், போடாமல் விட்டாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தது நகம். குறுக்கே ஓட்டிப் பார்த்து நகம் மாட்டினால் ஆழமாக இறங்கியிருக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பிரைமர். பளபளவென்று தகடே தெரிந்தால் அந்த வாரமே மூட வேண்டும். கோலாலம்பூர் ஈரக் காற்றில் வெறும் இரும்பு சும்மா இருக்காது. விளிம்பிலிருந்து பெயின்ட்டுக்கு அடியில் துரு நடக்கத் தொடங்கினால், இன்றைக்கு ஒரு பென்சில் கோடாக இருப்பது அடுத்த வருடம் கொப்புளமாக எழும்பி நிற்கும். அப்போது பேனல் முழுவதையும் சுரண்ட வேண்டியிருக்கும், செலவு பல மடங்கு.

இன்னொரு விஷயம், இதைக் கடைக்கு வருகிற பலரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காட்டில் விழுந்ததாக நினைத்துக் காட்டுகிற மெல்லிய கீறல்களில் நிறைய, வீட்டு வாசலில் விழுந்தவை. சேறு காய்ந்த வண்டியைத் துணியால் துடைக்கிறார்கள். அந்தச் சேற்றில் இருப்பது மணல். முதலில் தண்ணீரை மேலிருந்து கீழே நன்றாக அடித்து, சேறு ஊறித் தானாக இறங்கட்டும். அதற்குப் பிறகுதான் சோப்பு, அதற்கும் பிறகுதான் துணி.

செடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாலாங் புல்லும் இளம் கிளைகளும் கிளியரில் மட்டும்தான் கோடு போடும். உடைந்த மூங்கில் மோசம், அதன் விளிம்பு கத்தி. பிரம்பு இன்னும் மோசம். பிரம்புக் கொடியின் நுனி நீளமாகத் தொங்கும், அதில் முள் பின்பக்கம் வளைந்திருக்கும், பக்கத்து மரத்தில் கொக்கி போட்டு மேலே ஏறுவதற்காக. அது பக்கக் கண்ணாடியிலோ ரூஃப் ரேக்கிலோ மாட்டிய பிறகும் முன்னே ஓட்டினால் கதவு நீளத்துக்கும் உழுதுகொண்டே வரும். நிறுத்துங்கள், ஒரு அடி பின்னால் வாருங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும். பிரம்பு இருக்கும் இடத்தில் ஜன்னலைக் கட்டாயம் ஏற்றிவிடுங்கள். கதவைக் கீறும் அதே முள் கன்னத்தையும் கிழிக்கும்.

#4 தோட்டத்துப்பிள்ளை

பெயின்டர் சொன்னது தகட்டைப் பற்றி. நான் அம்மாவின் வருத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குழுக்களில் அதைக் கேலி செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அப்பா சிலாங்கூரில் ரப்பர் தோட்டத்து லாரி டிரைவர். லாரி தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு ஒடுக்கு விழுந்தால் தோட்டத்துக் கணக்கர் கிராணிக்குப் பதில் சொல்ல வேண்டும், கிராணி மேலாளர் துரையிடம் போய்ச் சொல்வார். அதனால் சாயங்காலம் லாரியை நிறுத்தியதும் அப்பா அதைச் சுற்றி நடந்து, கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு, சொந்தப் பெயரில் கிராண்ட் (வண்டி உரிமைப் பத்திரம்) எடுத்த முதல் புது வண்டி நம் தலைமுறையில்தான் வந்தது. வண்டியில் கோடு விழுந்தால் பெரியவர்களுக்கு வயிறு கலங்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்வது நியாயமே இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் நம்மிடமே இருக்கிறது. கேமரன் மலைக்குப் போனால் காய்கறித் தோட்டங்களில் இன்றும் பழைய லேண்ட் ரோவர்கள் ஓடுகின்றன. ஒரு பேனலும் நேராக இல்லை, ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு பச்சை. முட்டைக்கோஸ் கூடையை ஏற்றிக்கொண்டு செங்குத்தான மண் பாதையில் ஏறி இறங்குகின்றன. எங்கள் சித்தப்பா அங்கே அப்படி ஒன்றை வைத்திருக்கிறார். ஆயுத பூசைக்கு அந்த நசுங்கிய பானெட்டிலும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார். ஒடுக்கைப் பற்றி அவர் பெருமை பேசியும் நான் கேட்டதில்லை, வெட்கப்பட்டும் பார்த்ததில்லை. பிரேக்கையும் எஞ்சின் ஆயிலையும் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். வண்டி வேலை செய்தால் மேலே அடையாளம் விழத்தான் செய்யும், அவ்வளவே.

குழுவில் எனக்குக் கவலை தருவது, ஒடுக்கைப் படம் எடுத்துப் போட்டு வீரம் காட்டுகிற பழக்கம். அதைப் பார்த்துப் புதிதாக வருகிற பையன்கள் தேவையில்லாமல் வேகம் எடுக்கிறார்கள்.

#5 ஹைலக்ஸ்_பெந்தோங்

அக்கா கடைசியில் சொன்னது நூற்றுக்கு நூறு. கீறலையும் ஒடுக்கையும் தனித்தனியாகப் பேசினால்தான் இந்த விவாதம் தெளியும் என்று நினைக்கிறேன்.

கீறல் பாதையின் அகலத்தால் வருகிறது. ஜிம்னி 1,645 மில்லிமீட்டர் அகலம், என் ஹைலக்ஸ் 1,855. கிட்டத்தட்ட ஒரு சாண் வித்தியாசம். ஜிம்னி செடியைத் தொடாமல் போகிற சந்தில் நான் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டுதான் போகிறேன். நான் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அது மாறாது. அதனால் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

ஒடுக்கு அப்படி இல்லை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா வீடியோக்களில் பாறை மேல் ஏறி அடிபடுவதைக் காட்டுவார்கள். இங்கே நமக்குப் பெரும்பாலும் அடி விழுவது பக்கவாட்டில். செம்மண் நனைந்தால் சோப்பு. பாதை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நடுவில் மரம் ஏற்றும் பாலாக் லாரி போட்ட பள்ளம் இருக்கும். முன்சக்கரம் மேட்டில் நிற்கும், பின்சக்கரம் மெதுவாக, மிக மெதுவாகப் பள்ளத்துக்கு இறங்கும், கரையில் நிற்கும் மரத்தில் பின்கதவோ பிக்கப்பின் பின்தொட்டி மூலையோ போய்ச் சாயும். வேகம் நடக்கிற வேகம்தான் இருக்கும், ஆனாலும் இரண்டு டன் எடை சாய்கிறது. தகடு முக்கால் மில்லிமீட்டர். தாங்காது.

இதில் பெரும் பகுதியைத் தடுக்கலாம். டயர் காற்றை முதலிலேயே இறக்குங்கள், மாட்டிக்கொண்ட பிறகு இறக்காதீர்கள். சாய்வுப் பாதைக்கு முன்னால் ஒருவர் இறங்கி நடந்து பார்த்து, பின்சக்கரம் எங்கே போகும் என்று சொல்லட்டும். பின்னால் வழுக்கத் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் பயத்தில் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்கள். அந்த ஒரு மிதியில்தான் கதவு போகிறது. மிதிக்காமல் அப்படியே நின்று, மேட்டுப் பக்க மரத்தில் பட்டையான ஸ்ட்ராப் சுற்றி, வின்ச்சால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் கால் மணி நேரம் கூட ஆகும், பாடி தப்பிக்கும். அந்தக் கால் மணி நேரத்தைப் பொறுக்காமல் "விடு, இடித்தால் இடிக்கட்டும்" என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

கதவடியைக் காக்கும் ராக் ஸ்லைடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற அலுமினியப் படிக்கட்டு வேறு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பிடித்த இரும்புக் குழாய் வேறு. முதலாவது கால் வைத்து ஏற மட்டும்தான். மரக்கட்டையில் உட்கார்ந்தால் அதுவே மேலே மடங்கிக் கதவின் அடிப்பாகத்தை நசுக்கும். ஸ்லைடர் போட்ட பிறகு என் வண்டி கட்டைகளின் மேல் எத்தனையோ தடவை உட்கார்ந்து வழுக்கிப் போயிருக்கிறது, கதவடியில் ஒன்றுமில்லை. ஜிம்னிக்குப் புறப்படும் கோணம், அதாவது பின்பக்கம் இடிக்காமல் விட்டு விலகக்கூடிய சரிவு, 49 டிகிரி, பின்பக்கம் தரையில் இடிப்பது அபூர்வம். என்னைப் போன்ற பிக்கப்காரர்களுக்கு நீண்ட வால், பள்ளத்திலிருந்து ஏறும்போது பின் பம்பர் உழத்தான் செய்யும்.

#6 செந்தூல்_ஜிம்னி

அண்ணே, அக்கா, பெரிய உதவி. நகம் வைத்துப் பார்த்தேன். கதவுக் கீறல்களில் ஒன்று மட்டும் மாட்டுகிறது, மற்றவை கிளியரில்தான். பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் தாங்குமா? சிலர் காந்த ஷீட் வைக்கச் சொல்கிறார்கள்.

#7 பத்துமலை_பெயின்டர்

காந்த ஷீட் வேண்டவே வேண்டாம். ஷீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மண் நுழைந்து, வண்டி குலுங்கக் குலுங்க அரைத்துவிடும். கழற்றிப் பார்த்தால் கீறலை விட மோசமாக இருக்கும்.

பெயின்ட் மேல் ஒட்டும் தடித்த ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் வரும், அதாவது உங்கள் பெயின்ட் மொத்தத்தையும் விடத் தடிமன். லாலாங், இலை, சின்னக் கிளை எல்லாவற்றையும் தாங்கும். மெல்லிய கோடுகள் வெயிலில் தானாகவே மறையும். உடைந்த கட்டை குத்தினால் கிழியும், கிழிந்தாலும் பல சமயம் அடியில் பெயின்ட் தப்பிக்கும். வண்டி முழுக்க ஒட்டினால் காசு அதிகம். கதவின் கீழ்ப் பாதி, பின் ஃபெண்டர், கண்ணாடி மூடி இவ்வளவு போதும். நிறத்தையே மாற்றும் கலர் ராப் ஒட்ட நினைத்தால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) வண்டி நிறத்தை மாற்றிப் பதிய வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

பிளாஸ்டிக் பம்பர் கீறலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அது துருப் பிடிக்காது. உள்ளே வாங்கியிருந்தால் கூடச் சுடுதண்ணீர் ஊற்றிப் பின்பக்கமிருந்து தள்ளினால் பல சமயம் வெளியே வந்துவிடும்.

பின் மூலை ஒடுக்கில் பெயின்ட் வெடித்திருக்கிறதா? வெடிக்காமல், கூரான மடிப்பும் இல்லாமல் இருந்தால் பெயின்ட் அடிக்காமலே பின்பக்கமிருந்து தள்ளி எடுக்கலாம். மடிப்பு விழுந்திருந்தால் தகடு நீண்டிருக்கும், தட்டித்தான் ஆக வேண்டும். காட்டுக்குத் தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால் இப்போதே அழகாக்க வேண்டாம். துரு பிடிக்காமல் எபாக்ஸி பிரைமரும் கொஞ்சம் கலரும் வைத்து மூடிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் செய்யுங்கள்.

#8 காப்புறுதி_கிள்ளான்

காப்புறுதியில் கிளெய்ம் செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். நான் அந்தத் தொழிலில் இருப்பவள்.

கிளெய்ம் செய்யாமல் இருந்தால் பிரிமியத்தில் கிடைக்கும் என்சிடி கழிவு, தனியார் காருக்கு முதல் வருடம் 25 விழுக்காடு, அப்புறம் 30, 38.33, 45, ஐந்தாம் வருடம் 55. சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு கிளெய்ம் செய்தால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைப் பிரிமியம் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காட்டில் நீங்கள் கட்டுவது 1,350. கிளெய்முக்குப் பிறகு 3,000, அடுத்த வருடம் 2,250, பிறகு 2,100, 1,850, 1,650 என்று கழிவுப் படியில் முதலிலிருந்து திரும்ப ஏற வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 4,100 வெள்ளி. ஒரு கதவு தட்டி பெயின்ட் அடிக்கச் சில நூறு வெள்ளி ஆகிற இடத்தில் இதைச் செய்வது வீண். பிக்கப் வைத்திருப்பவர்கள் உங்கள் பாலிசி எந்த வகை என்று பாருங்கள், வர்த்தக வாகனத்துக்கு அட்டவணை வேறு.

ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்குப் புது உதிரிப் பாகம் போட்டால் ஒரு பங்கை நீங்களே கட்டும்படியும் கேட்பார்கள். பந்தயம், வண்டியின் தாங்குதிறனைச் சோதிக்கும் போட்டி போன்றவற்றுக்குப் பாலிசி பொறுப்பேற்காது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு போவது போட்டி ஆகாதுதான், ஆனால் எண் ஒட்டி, நேரம் குறித்து ஓட்டினால் நிலைமை மாறும். உங்கள் பாலிசிப் பத்திரத்தை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

#9 மலைச்சாரல்

இவ்வளவு நேரம் வண்டியைப் பற்றியே பேசிவிட்டோம். முதல் பதிவில் தம்பி கேட்ட பாராங் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு இந்த இழையில் முக்கியமானதே அதுதான். கீறல் பிடிக்காதவர் காட்டுக்கு வராமல் இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கீறல் பிடிக்காதவர் காட்டை வெட்டிக்கொண்டு வந்தால்தான் பிரச்சினை.

வெட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நிழலான பாதையின் இரண்டு ஓரமும் ஒரு மீட்டர் வெட்டினால் வெயில் உள்ளே இறங்குகிறது. அந்த வெயிலில் முதலில் எழும்புவது லாலாங், ரெசாம் என்ற பெரணி, முட்கொடிகள், மூங்கில் குருத்து. நிழலில் ஒல்லியாக நின்ற மரக்கன்றுகள் இருந்த இடத்தில் ஒரு வருடத்தில் புதர்ச் சுவர் நிற்கும். அடுத்த முறை அதே வண்டிக்கு இன்னும் அதிகக் கீறல், அப்புறம் இன்னும் அகலமாக வெட்டு. இன்னொன்று, பாராங் கத்தியால் சாய்வாக வெட்டிய கன்று ஈட்டி மாதிரி நிற்கும். வளைந்து கொடுத்து வழிவிட்டிருக்கும் செடி, இப்போது டயரின் பக்கச் சுவரைக் குத்திக் கிழிக்கும். கதவில் தகடு வரைக்கும் இறங்குகிற கீறலும் இந்த மாதிரி மொட்டைகளால்தான் வருகிறது.

பாடி அடிபடக் கூடாது என்று பள்ளத்தை விட்டு ஓரம் கட்டி ஓட்டுகிறார்களே, அதுவும் இதே வகை. ஒரு தடம் இரண்டாகும், இரண்டு நான்காகும், மழை பெய்தால் அத்தனையும் சேறாக ஆற்றில் இறங்கும். லங்காட் ஆற்றுத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக நம் வீட்டுக் குழாய்க்குத்தான் வருகிறது. நம்மில் பலர் பொழுதுபோக்குக்குப் போகிற பாதை, உள்ளே இருக்கும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமத்துக்குக் கடைக்கும் கிளினிக்குக்கும் போகும் ஒரே வழியாக இருக்கலாம். நாம் சனிக்கிழமை உழுதுவிட்டு வந்தால் திங்கள்கிழமை அவர்கள் மோட்டார் சைக்கிள் அதில் போக முடியாது.

நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்கிவிட்டோம் என்பதற்காக வெட்டுவதற்கும் அனுமதி கிடைத்துவிடாது.

#10 டிரைட்டன்_ரவாங்

மலைச்சாரல் சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதையின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் வெட்டாமல் என்ன செய்வது? ராத்திரி வெளியே வர வேண்டிய கட்டாயத்தில், காய்ச்சலோடு ஒரு ஆள் வண்டியில் இருந்தால்? நடந்த கதை இது. அந்த நேரத்தில் செடியையும் பார்க்க முடியாது, கதவையும் பார்க்க முடியாது.

அப்புறம் பெயின்ட்டை மறக்கச் சொன்னது இதற்காகவும்தான். பெயின்ட் மேல் பாசம் வைத்தவர்கள்தான் ஓரம் கட்டுகிறார்கள், வெட்டுகிறார்கள். நேராகப் பள்ளத்தில் இறங்கி, உரசினால் உரசட்டும் என்று போகிறவன் பாதையை அகலமாக்குவதில்லை.

#11 மலைச்சாரல்

விழுந்து கிடக்கும் மரத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. கிளைகளை மட்டும் வெட்டி, தண்டை வின்ச்சால் ஓரமாக இழுத்துவிடலாம். ஆள் உயிர் என்று வந்தால் எதையும் செய்யத்தான் வேண்டும். நான் சொல்வது கதவுக்காக வெட்டுவதைப் பற்றி. உங்கள் இரண்டாவது பத்தி சரி, அதை நான் அப்படி யோசித்துப் பார்க்கவில்லை.

#12 பினாங்கு_டிமேக்ஸ்

பினாங்கிலிருந்து ஒரு குரல். தீவுக்குள் எங்களுக்கு வண்டி ஓட்டக் காட்டுப் பாதை இல்லை என்றே சொல்லலாம். தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும். பாலம் தாண்டிக் கெடா, பேராக் உள்பகுதிக்குத்தான் போகிறோம், திரும்பி வந்து வண்டியை நிறுத்துவது கடற்கரைக்குப் பக்கத்தில். அதனால் எங்கள் கவலை கொஞ்சம் வேறு மாதிரி.

உப்புக் காற்று இருக்கிற ஊரில் கண்ணுக்குத் தெரியும் கீறலை விடக் கண்ணுக்குத் தெரியாத சேறுதான் வண்டியைத் தின்கிறது. சேசிஸ் பெட்டிக் குழாய்க்குள், கதவடிப் பொந்துக்குள், பின்சக்கர வளைவுக்கு உள்ளே போய் உட்காரும் மண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். கதவின் அடியிலும் சேசிஸிலும் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருப்பார்கள். அவை அடைத்துவிட்டால் வெளியே பளபளக்கும் வண்டி உள்ளிருந்து அழுகும். காட்டிலிருந்து வந்த அன்றோ மறுநாளோ லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே நன்றாகத் தண்ணீர் அடியுங்கள், துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள், நன்கு காய்ந்ததும் பொந்துகளுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். நான் கதவுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை இதற்குப் போடுகிறேன்.

பழைய லேண்ட் ரோவர் துருப் பிடிக்காது என்று நம்பி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 1948-இல் அது வந்தபோது போருக்குப் பிந்திய இரும்புத் தட்டுப்பாட்டால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசிஸ் இரும்புதான். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கேமரன் மலையில் அந்த வண்டிகள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் கடல் தூரம் என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

#13 புது_ரேஞ்சர்

ஒரு கேள்வி. இப்போது வரும் வண்டிகளில் பக்கத்து லேனில் வண்டி வருவதைச் சொல்லும் ரேடார் பின் பம்பர் மூலையில் இருக்கிறது, சிலவற்றில் பின்விளக்குக்குள்ளேயே இருக்கிறது. அந்த மூலையில் ஒடுக்கு விழுந்தால் அப்படியே விடலாமா?

#14 பத்துமலை_பெயின்டர்

விட வேண்டாம். ரேடாரின் கோணம் கொஞ்சம் திரும்பினாலும் தவறாகச் சொல்லும், இல்லையென்றால் சொல்லாமலே இருந்துவிடும். அதை நம்பி நெடுஞ்சாலையில் லேன் மாறுவீர்கள். பம்பரைத் தடிமனாகத் திரும்ப பெயின்ட் அடித்தாலும், புட்டி வைத்தாலும் சில வண்டிகளில் அலை சரியாகப் போகாது. அடிபட்டால் பிராக்கெட்டைச் சரி செய்து, கோணத்தைக் கருவி வைத்துத் திரும்ப அமைக்க வேண்டும்.

இதே வரிசையில் விடக் கூடாத இன்னும் சில. கூரையைத் தாங்கும் தூண்களில் மடிப்பு. கதவு மூடும்போது இடைவெளி மேலும் கீழும் வேறாக இருப்பது. பாடியைச் சேசிஸோடு பிடிக்கும் ரப்பர் மவுண்ட் பக்கத்தில் வெடிப்பு. ஜிம்னியும் ஹைலக்ஸும் ஏணிச் சேசிஸ் வண்டிகள், கதவடி கொஞ்சம் நசுங்கினாலும் வலு சேசிஸில் இருக்கிறது. சேசிஸ் இல்லாத எஸ்யூவியில் கதவடியே வண்டியின் எலும்பு, அங்கே நசுங்கினால் காத்திருக்காதீர்கள்.

#15 செந்தூல்_ஜிம்னி

தகடு தெரிந்த கீறலை நேற்று மூடிவிட்டேன். ஃபிலிம் கதவின் கீழ்ப் பாதிக்கு மட்டும் ஒட்டப் போகிறேன். குழுவில் பாராங் கத்தியை எடுத்தால் நான் அந்தப் பயணத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன், இருவர் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. அம்மாவிடம் தோட்டத்துப்பிள்ளை அக்காவின் பதிவை வாசித்துக் காட்டினேன். தாத்தாவும் டிரைவர்தான் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அவரைப் பற்றியே பேசினார்.

கடைசியாக ஒன்று. முன்னால் நின்று வழிகாட்டுகிறவர் "இடது, இடது" என்று சொல்லி, அதனால் மரத்தில் இடித்தால் செலவு யாருடையது? குழுவில் இதனால் இரண்டு பேர் பேசுவதில்லை.

#16 ஹைலக்ஸ்_பெந்தோங்

ஸ்டியரிங் பிடித்தவருடையது. எங்கள் குழுவில் காட்டு வாசலில் காற்று இறக்கும்போதே இதைச் சொல்லிவிடுவோம். வழிகாட்டுகிறவருக்கு உங்கள் பின்சக்கரம் தெரியாத இடங்கள் உண்டு, சந்தேகம் வந்தால் நிறுத்தி இறங்கிப் பார்க்கும் உரிமை ஓட்டுகிறவருக்கு எப்போதும் இருக்கிறது. பணம் கேட்கத் தொடங்கினால் அடுத்த முறை யாரும் இறங்கிச் சேற்றில் நின்று வழிகாட்ட மாட்டார்கள். இழுக்கும்போது வரும் சேதம் மட்டும் வேறு. மாட்டிய வண்டிக்காரர் கொக்கி மாட்டும் இடத்தைத் தானே காட்ட வேண்டும், அது சேசிஸில் இருக்க வேண்டும், பம்பரில் மாட்டி இழுத்துப் பம்பர் பிய்ந்து வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கட்டுவார்கள். அந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள், தம்பி. அடுத்த மாதம் பெந்தோங் பக்கம் வருவதாக இருந்தால் எல்லாரும் வாருங்கள், சாய்வுப் பாதையில் ஸ்ட்ராப் கட்டிப் பின்பக்கத்தைப் பிடிப்பதை நேரிலேயே செய்து காட்டுகிறேன்.